தலையெழுத்தும் 29 கேள்விகளும்

திருவஹீந்திரபுரத்தில் தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் அருகிலேயே ஔஷதகிரி. படியேறிச் சென்றால் லட்சுமி ஹயக்ரீவர் சந்நிதி. ஸ்வாமி வேதாந்த தேசிகன் தவமிருந்து ஹயக்ரீவரின் அருளைப் பெற்ற மலை அது. பொதுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அங்கே சென்றவர்கள் அறிவார்கள்: படியெங்கும் பிள்ளைகள். பேனா, நோட்டுப் புத்தகம், ஹால் டிக்கெட் ஆகியவற்றைப் பெருமாள் திருவடியில் வைத்து வாங்கிச் செல்ல வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். அவர்களுக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் போன்ற தாத்தா பாட்டிகள்.

சென்ற மாசி மாதம் என் அக்காவின் பேத்தியை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். எங்கள் வீட்டில் தங்கி உளவியல் முதுகலை படிக்கிறாள். அவளுடைய பேனாவையும் திருவடியில் வைத்து வாங்கிக்கொண்டோம். இறங்கி வரும்போது அவள் கேட்டாள்:

"தாத்தா, இந்த வரிசையில் நிற்கிற எல்லோரும் ஒரே பெருமாளிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். ஆனால் மார்க் வந்த பிறகு, 'நான் படித்தேன், வாங்கினேன்' என்று சொல்பவர் எத்தனை பேர்? 'பெருமாள் கொடுத்தார்' என்பவர் எத்தனை பேர்? 'திருத்தியவருக்கு அன்றைக்கு நல்ல மனநிலை' என்பவர் எத்தனை பேர்? இதையெல்லாம் அளக்க முடியும், தெரியுமா?"

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் நகையை எடை போடுவதைப் பார்த்தவன் நான். மனிதரின் நம்பிக்கையை எடை போடவும் ஒரு தராசு உண்டு என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தராசையே என் கையில் கொடுத்தாள். நான்கு தாள்கள், 29 கேள்விகள். கேள்வி என்பதைவிட 29 இணைகள் என்பதே பொருத்தம். ஒவ்வொன்றிலும் இரண்டு கூற்றுகள் இருக்கும். ஒன்று, வாழ்வில் நேர்வதற்கு நம் உழைப்பும் நம் பிழைகளுமே காரணம் என்கிற போக்கில் செல்லும். மற்றொன்று, அதிர்ஷ்டம், விதி, அதிகாரத்தில் இருப்பவர்கள் என்று வெளியே கைகாட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'இரண்டும்தான்' என்று எழுத இடமில்லை. கோயிலுக்குச் சென்று அர்ச்சனைத் தேங்காயோடு வந்த மனிதனுக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வினாத்தாளை அமைத்தவர் ஜூலியன் ராட்டர் என்னும் அமெரிக்க உளவியலாளர். நியூயார்க்கின் புரூக்ளினில் 1916-இல், குடியேறி வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். நன்றாக நடந்துகொண்டிருந்த தந்தையின் வணிகம், 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வீழ்ந்தது. தம் பிழையால் அல்லாமல் காலத்தின் அடியால் ஒரு குடும்பம் சாய்வதை இளமையிலேயே பார்த்தவர் அவர். மனிதன் தன் சூழ்நிலையால் எவ்வளவு உருவாகிறான் என்ற சிந்தனைக்கு அந்த அனுபவமே வித்திட்டது எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது தொடங்கிய ஆய்வுகளைத் தொகுத்து 1966-இல் வெளியிட்டார். 'லோகஸ் ஆஃப் கண்ட்ரோல்' என்ற சொற்றொடர் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். லோகஸ் என்றால் இலத்தீனில் இடம். நம் வாழ்வை நடத்தும் கடிவாளம் எந்த இடத்தில் இருப்பதாக நாம் நம்புகிறோம் என்பதே கேள்வி. உள்ளே என்று நம்புவதை அகச்சார்பு என்றும், வெளியே என்று நம்புவதைப் புறச்சார்பு என்றும் சொல்லலாம். அகமும் புறமும் தமிழருக்குப் பழகிய சொற்கள்தாமே.

கணக்கிடும் முறை எளியது. 29 இணைகளில் 6 வெறும் இடைநிரப்பு. எதை அளக்கிறார்கள் என்பது எழுதுபவருக்குப் புலப்படாமல் இருக்கச் சேர்த்தவை. மற்ற 23 இணைகளில் புறச்சார்பான கூற்றைத் தேர்ந்தால் ஒரு மதிப்பெண். ஆக, பூஜ்யம் வாங்கியவர் முழு அகச்சார்பினர். 23 வாங்கியவர் முழுப் புறச்சார்பினர். ராட்டர் தம் பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் இதைக் கொடுத்தபோது சராசரி ஏறத்தாழ 8 வந்தது.

இந்த வினாத்தாளுக்கு முன்பே, 1957-இல், ராட்டரின் மாணவர் ஜெர்ரி ஃபேர்ஸ் ஒரு சோதனை செய்திருந்தார். பேத்தி இதைச் சொல்லிக்கொண்டே போனபோது நான் அவளை நிறுத்தி மறுபடி கேட்டேன். நிறங்களை ஒப்பிட்டுப் பொருத்துவது போன்ற, சரியா தவறா என்று எளிதில் தெரியாத ஒரு வேலை. எல்லோருக்கும் அதே வேலைதான். பாதிப் பேரிடம், 'இது திறமையைப் பொறுத்தது' என்றார்கள். மீதிப் பேரிடம், 'இது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம்தான்' என்றார்கள். ஒவ்வொரு முறையும், அடுத்ததில் வெற்றி பெறுவோம் என எவ்வளவு நம்புகிறீர்கள் என்றும் கேட்டார்கள். திறமை என்று கேட்டவர்கள், வென்றால் நம்பிக்கையை ஏற்றினார்கள், தோற்றால் இறக்கினார்கள். அதாவது, நடந்ததிலிருந்து கற்றுக்கொண்டார்கள். அதிர்ஷ்டம் என்று கேட்டவர்களிடம் அந்த அசைவு குறைவாக இருந்தது. சிலர் தோற்ற பிறகு நம்பிக்கையை ஏற்றினார்கள். இத்தனை முறை விழாதது இனி விழுந்துதானே ஆகவேண்டும் என்கிற சூதாடியின் கணக்கு.

வேலை ஒன்றே, கைகளும் ஒரே மாதிரியானவை. தொடக்கத்தில் பெரியவர் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் வேறு. அதற்குள் தோல்வி சிலருக்குப் பாடமாகவும், சிலருக்கு வெறும் நிகழ்ச்சியாகவும் ஆகிவிட்டது.

நான் அவளை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அந்தப் 'பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்தை' என் வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன்.

என் மகன் பொறியியல் முதலாண்டில் கணிதத்தில் தேறவில்லை. பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை. முடிவு வந்த நாள் முதல் அறையை விட்டு வெளியே வரவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பயந்துபோய் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏழரைச் சனி நடக்கிறது, அடுத்த பெயர்ச்சி வரை சற்று மந்தமாகத்தான் இருக்கும், சனிக்கிழமைகளில் எள் தீபம் ஏற்றுங்கள் என்றார் ஜோதிடர். அவர் சொன்னதில் குறை காண மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னார், பரிகாரமும் சொன்னார். திரும்பி வந்து மகனிடம் நான் சொன்னதுதான் பிழை. அவன் முதுகைத் தடவிக்கொண்டு, "உன் மேல் தப்பு ஒன்றும் இல்லையப்பா. காலம் சரியில்லை. சனி விலகட்டும், எல்லாம் தானாகச் சரியாகும்" என்றேன்.

அன்றிரவு அவன் நன்றாகச் சாப்பிட்டான். எனக்கும் நிம்மதி. எள் தீபம் தவறாமல் ஏற்றினேன். மறுதேர்விலும் அவன் தேறவில்லை. அதற்கடுத்ததிலும் தேறவில்லை. வேறு இரண்டு தாள்களும் சேர்ந்துகொண்டன. நான்தான் பதறினேன், அவன் பதறவில்லை. பெயர்ச்சிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்ற அமைதி அவன் முகத்தில் தெரிந்தது. எப்படியோ தேறி, இன்று நல்ல நிலையில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சில், மனத்தாங்கல் ஏதுமின்றிச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்பா, நீங்கள் ஆறுதலுக்குச் சொன்னீர்கள். நான் அதை லீவு என்று எடுத்துக்கொண்டேன்."

எள் தீபத்தில் பிழையில்லை. ஏற்றிய நேரத்தில் அவனையும் அருகில் உட்காரவைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லியிருந்தால் அது வேறு தீபமாக இருந்திருக்கும்.

மாணவர்களை ஒரு குழுவுக்கு இன்னொரு குழு என்று ஒப்பிட்ட ஆய்வுகளைப் பற்றியும் பேத்தி நிறையச் சொன்னாள். ஆண், பெண், நகரம், கிராமம், இந்த நாடு, அந்த நாடு என்று எண்ணற்றவை. எல்லாம் என் மனத்தில் நிற்கவில்லை. இரண்டு மட்டும் நின்றன.

ஒன்று, காலத்தை வைத்து ஒப்பிட்டது. ஜீன் ட்வெங்கி என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும், 1960 முதல் 2002 வரை அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வினாத்தாளுக்கு எழுதப்பட்ட விடைகளைத் தேடிச் சேர்த்தார்கள். 97 தொகுதிகள், 18,310 மாணவர்கள். 2004-இல் வெளியான முடிவு இது: 2002-ஆம் ஆண்டின் சராசரி மாணவர், 1960-களின் தொடக்கத்தில் இருந்த மாணவர்களில் 80 சதவீதத்தினரை விட அதிகப் புறச்சார்பு உடையவராக இருந்தார். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் மலையாகக் குவிந்த நாடு அது. விதி, கர்மம் என்று பேசும் மரபும் அங்கு இல்லை. இருந்தும், 'என் கையில் ஒன்றும் இல்லை' என்னும் எண்ணம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறியிருக்கிறது. விதியில் நம்பிக்கை நம்மை முடக்குகிறது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரிகளில் நடந்தவை. நிறவெறிச் சட்டங்களுக்கு எதிராக அவர்கள் போராடிய காலம். 1963-இல் பெர்ல் கோர் என்பவரும் ராட்டரும் அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் அளந்து பார்த்தார்கள். அகச்சார்பு மிகுந்த மாணவர்களே ஊர்வலம் செல்லவும், தடையை மீறிப் பேருந்தில் பயணம் செய்யவும் கூடுதலாக முன்வந்தார்கள். இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் 1969-இல் பட்ரீஷியா குரின் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் ஆழமாகப் பார்த்தது. 'என் வாழ்க்கை என் கையில் இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'என் மக்கள் பின்தங்கியிருக்க யார் காரணம்?' என்பது முற்றிலும் வேறு கேள்வி. வினாத்தாள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது. எங்கள் குறைபாடே காரணம் என்று சொன்ன மாணவர்களைவிட, பாகுபாடே காரணம் என்று வெளியே கைகாட்டிய மாணவர்கள்தாம் கூடிப் போராட முன்வந்தார்கள். தம் இனத்தார் அதுவரை நுழையாத தொழில்களை நாடியவர்களும் அவர்களே. வெளியே கைகாட்டியது அங்கே சோம்பல் அன்று. உண்மையைக் கண்டு சொன்னது.

இதைக் கேட்டபோது இன்னொரு முகம் என் நினைவுக்கு வந்தது. நான் கல்விக் கடன் பிரிவில் இருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். தந்தை விவசாயக் கூலி. குடும்பத்தில் முதல் பட்டதாரி. படிப்பு முடிந்து ஓராண்டாகியும் வேலை இல்லை. தவணை தொடங்கிவிட்டது. எதிரே நின்றவரிடம், "முயற்சி போதாது தம்பி. மனம் வைத்தால் கிடைக்காமலா போகும்?" என்றேன். என்னைப் பொறுத்தவரை அது ஊக்கம் தரும் சொல். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். நேர்காணலுக்குச் சென்ற நிறுவனங்களின் பட்டியல், தேதியோடு. நாற்பத்தொன்று இருந்தன. பல இடங்களில் முதல் சுற்றிலேயே ஆங்கிலப் பேச்சு. சில இடங்களில் தங்கிப் பயிற்சி பெற முன்பணம். "சார், நாற்பத்திரண்டாவதுக்கு பஸ் காசு இல்லை" என்றார், அவ்வளவுதான்.

மகனிடம் எல்லாம் வெளியே இருக்கிறது என்றேன். அது அவனைத் தூங்கவைத்தது. அந்த இளைஞரிடம் எல்லாம் உள்ளே இருக்கிறது என்றேன். அது அவரைச் சுட்டது. இரண்டையும் நல்லெண்ணத்தோடு சொன்னவன் ஒரே ஆள்தான்.

அகச்சார்பினரை நல்லவர் என்றும் புறச்சார்பினரைக் கெட்டவர் என்றும் கொள்ளும் பழக்கத்தை ராட்டரே 1975-இல் எழுதிய கட்டுரையில் கண்டித்தார் என்று பேத்தி சொன்னாள். குழுவின் சராசரியைக் கொண்டு ஒரு பிள்ளையை நிறுப்பதும் கூடாது என்பது என் எண்ணம். ஒரு வட்டாரத்தின் வாராக்கடன் விகிதத்தைப் பார்த்து, எதிரே நிற்கும் மனிதருக்குக் கடன் மறுப்பது போன்றது அது. அப்படி மறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் கேட்ட பிறகு, மலையடிவாரத்திலிருந்தே என் மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன். "அம்மா, இந்தத் தாளில் பெருமாள் எந்தப் பக்கம்?"

அவள் சற்றுத் தயங்கினாள். ராட்டரின் கணக்கில் விதி, அதிர்ஷ்டம், மேலதிகாரி எல்லாம் ஒரே கூடைதான். என்னைப் போன்றவன் தெய்வத்தையும் அதே கூடையில்தான் போட்டாக வேண்டும். இந்தக் குழப்பத்தை ஓரளவு பிரித்தவர் ஹன்னா லெவன்சன் என்ற பெண்மணி. 1970-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த வினாத்தாளில் மூன்று தனித்தனிப் பகுதிகள், பகுதிக்கு 8 கூற்றுகள். ஒன்று நான், இன்னொன்று அதிகாரம் உள்ள பிறர், மூன்றாவது தற்செயல். வெளியே என்பதிலேயே இரண்டு வகை உண்டு என்பது அவர் கருத்து. அதிகாரிகள் கையில் இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு உலகில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. யாரிடம் மனுக் கொடுப்பது என்றாவது அவனுக்குத் தெரியும். எல்லாம் தற்செயல் என்பவனுக்கு அதுவும் இல்லை. கடவுளுக்கென்று தனிப் பகுதி பின்னர்தான் வந்தது. 1999-இல் கென்னத் வால்ஸ்டன் முதலியோர், உடல்நலம் பற்றிய இதே போன்ற அளவுகோலில் அதைச் சேர்த்தார்கள்.

கடவுளை நம்புகிறவர்களிலும் வகை உண்டு என்று பிரித்துக் காட்டியவர் கென்னத் பார்கமென்ட். 1988-இல் கிறித்தவ தேவாலய உறுப்பினர்களிடம் அவரும் அவருடைய குழுவினரும் கேட்டறிந்தார்கள். துன்பம் வரும்போது சிலர், கடவுள் அறிவைக் கொடுத்திருக்கிறார், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். சிலர், நான் ஒன்றும் செய்வதற்கில்லை, அவரே செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மற்றும் சிலர், அவரும் நானும் சேர்ந்து செய்கிறோம் என்கிறார்கள். கடவுளையே கூட்டாளியாகக் கொண்ட இந்த மூன்றாம் வகையினரிடம் தன்மதிப்பும் செயல்திறனும் கூடுதலாகக் காணப்பட்டன. முழுவதும் விட்டுவிடுகிறவர்களிடம் அவை குறைந்திருந்தன. வங்கிக்காரனின் மொழியில் சொன்னால், மூன்றாவது கூட்டுக் கணக்கு. இருவரில் ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லாது.

இதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. இந்த விவாதத்தை ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர்கள் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் வைத்துப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடத்திவிட்டார்களே! தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல ஜீவனுக்கும் சிறு முயற்சி வேண்டும் என்பார்கள் வடகலையார். தாய் கவ்விச் செல்லும் இடத்துக்குச் செல்லும் பூனைக் குட்டியைப் போல, தானாக ஒன்றும் செய்யாமல் இருப்பதே சரணாகதி என்பார்கள் தென்கலையார். அவளுக்கு இது புதிது. தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு, "அப்படியென்றால் தென்கலையார் எல்லோரும் புறச்சார்பா தாத்தா?" என்றாள்.

அதற்கு மட்டும் நான் அவசரமாக மறுப்புச் சொன்னேன். பூனைக் குட்டி நியாயம் மோட்சத்தைப் பற்றியது. கணிதத் தாளைப் பற்றியது அன்று. அந்த நெறியில் நின்ற ஆசாரியர்கள் வாழ்நாள் முழுதும் ஓயாமல் கைங்கரியம் செய்தவர்கள், ஏடெழுதியவர்கள், சீடர்களைத் தயாரித்தவர்கள். பலனைத்தான் பெருமாளிடம் விட்டார்கள். வேலையை விடவில்லை. நான் மகனிடம் செய்தது இதன் தலைகீழ்: வேலையைச் சனியிடம் விட்டுவிட்டுப் பலனை மட்டும் எதிர்பார்த்தேன்.

கீதையின் 18-ஆவது அத்தியாயத்தில் ஒரு செயல் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் சொல்லப்படுகின்றன. உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஐந்தில் ஒன்றாகத் தெய்வம் வருகிறதே தவிர, மற்ற நான்கையும் அடித்துவிட்டு வரவில்லை. திருக்குறளும் அப்படித்தான். அறத்துப்பாலை 38-ஆவது அதிகாரமான ஊழில் முடிக்கும் வள்ளுவர், பொருட்பாலில் 62-ஆவது அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைக்கிறார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர் நம்மைக் கேட்கவில்லை.

சைவ அன்பர்களுக்கு ஞானசம்பந்தரின் நினைவு வந்திருக்கும். மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று அவர் மறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் சரியில்லை என்று தடுத்தவர் சாமானியர் அல்லர், அப்பர் பெருமானே. அன்பினால் தடுத்தார். அப்போது பிறந்தது கோளறு பதிகம். சம்பந்தர் கோள்களை இல்லை என்று சொல்லவில்லை. பயணத்தை நிறுத்தவும் இல்லை. பதிகம் பாடினார், மதுரைக்குப் புறப்பட்டார். நம் வீடுகளில் கோளறு பதிகத்தைப் பாராயணம் செய்கிறோம். பாடிய பிறகு அவர் புறப்பட்டார் என்கிற பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் மறந்துவிடுகிறோம்.

"இந்தச் சார்பு பிறவியிலேயே வருவதா, மாறக்கூடியதா?" என்று அவளைக் கேட்டேன். மாறும் என்றாள். 1982-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டிமோதி வில்சனும் பட்ரீஷியா லின்வில்லும் செய்த சோதனையைச் சொன்னாள். முதலாண்டில் மதிப்பெண் குறைந்து கவலையில் இருந்த 40 மாணவர்கள். பாதிப் பேருக்கு, மூத்த மாணவர்கள் பேசும் ஒளிப்பதிவைக் காட்டினார்கள்: 'எங்களுக்கும் முதலாண்டில் இப்படித்தான் இருந்தது, போகப் போக ஏறியது.' அறிவுரை இல்லை. பாடம் நடத்தவும் இல்லை. இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள், அதைக் கேளாதவர்களில் 25 சதவீதம் பேர் கல்லூரியை விட்டுப் போயிருந்தார்கள். கேட்டவர்களில் 5 சதவீதம்தான். பக்கத்துக்கு இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை மட்டும் வைத்து நான் கடன் கொடுக்க மாட்டேன். ஆனாலும், 'இப்போது வரவில்லை, வரும். இவர்களுக்கு வந்தது' என்ற சொல்லுக்கும், 'சனி விலகட்டும்' என்று நான் சொன்னதற்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்துக்கொண்டேன். இரண்டும் ஆறுதல்தான். இரண்டும் காலத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. ஒன்றில் பிள்ளை நடந்துகொண்டிருக்கிறான், மற்றொன்றில் உட்கார்ந்திருக்கிறான்.

என் தாளைத் திருத்தி அவள் மதிப்பெண் போட்டாள். ராட்டரின் முறையில் எனக்கு 23-க்கு 14. "தாத்தா, நீங்கள் புறச்சார்பு" என்றாள். எனக்கு ஒப்பவில்லை. லெவன்சனின் தாளையும் கொடு என்று வாங்கி எழுதினேன். அதில் 'நான்' என்ற பகுதி நன்றாக உயர்ந்திருந்தது. தற்செயல் மிகக் குறைவு. ஆனால் 'அதிகாரம் உள்ள பிறர்' என்ற பகுதி அவளே வியக்கும் அளவு ஏறியிருந்தது. பணிக்காலத்தில் பதினொரு முறை மாறுதல் உத்தரவு வாங்கியவனுக்கு வேறு எப்படி வரும்? பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் வந்த உத்தரவு மட்டுமே மூன்று.

சித்திரையில் அவளுக்குத் தேர்வு நடந்தது. புறப்படும்போது நமஸ்காரம் செய்தாள். நான் என்ன சொல்வது என்று முன்னிரவே யோசித்து வைத்திருந்தேன். "படித்ததை எழுது. படிக்காத இடத்தைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். நான் விளக்கேற்றிவிட்டுத்தான் சாப்பிடுவேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். ஹயக்ரீவர் திருவடியில் வைத்து வாங்கிய பேனா, மூன்றாவது கேள்வியின் நடுவில் மை தீர்ந்து நின்றுவிட்டதாம். மாற்றுப் பேனா கொண்டுபோகவில்லை. இரண்டு தேர்வுகளை அதனாலேயே எழுதியிருக்கிறாள். மை எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பதறி நிமிர்ந்தபோது, பக்கத்து வரிசையில் இருந்த, பெயர் கூடத் தெரியாத ஒரு பெண், கண்காணிப்பாளரின் அனுமதியோடு தன்னுடைய பேனா ஒன்றை நீட்டினாளாம். அந்தப் பேனாவின் மூடியில் குங்குமம் ஒட்டியிருந்ததாம்.

"தாத்தா, இதை எந்தப் பகுதியில் சேர்ப்பது?" என்று கேட்டாள்.

முதலில் கடைக்குப் போய் நான்கு பேனா வாங்கி வா என்று காசு கொடுத்தனுப்பினேன்.